தேனீப்பெட்டி வாங்கி எட்டு மாசம் ஆச்சு: ஒரு பயந்தாங்கொள்ளியோட ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன், அஞ்சுக்கு மூணரை ஸ்டார். அதுல மூணு ஸ்டார் பெட்டி கொண்டு வந்து வச்ச ஆளுக்கு, அரை ஸ்டார் பெட்டிக்கு. கூட குடுத்த முகவலைக்கு மைனஸ்ல மார்க் போட வழி இருந்தா போட்டிருப்பேன். ஆள் யாரு, போன் நம்பர் என்னன்னு கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, குறையும் சேத்து சொல்லப்போறதால பேர் போடல. மார்த்தாண்டம் பக்கத்துல தேனீ வளக்குற ஒரு பெரியவர், அறுவது வயசு தாண்டினவர், அவ்வளவுதான். அந்த ஏரியாவுல இந்தத் தொழில் தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமே கிடையாது, விசாரிச்சா நாலு பேர் கிடைப்பாங்க.

நான் வாங்குனது என்னன்னா, குடியேத்துன கூட்டத்தோட ஒரு பெட்டி, அதுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு, ஒரு முகவலை, தேனீய அடக்கப் புகை ஊதுற ஒரு புகைப்பான், அதுபோக மூணு தடவை வீட்டுக்கு வந்து சொல்லித் தரது. மொத்தம் 6,500 ரூபா. இதுல தேன் ஆசையில வாங்குறவங்க ஒரு ரகம், விவசாயத்துக்கு வாங்குறவங்க ஒரு ரகம், நான் ரெண்டும் இல்ல, எனக்குத் தேனீன்னா உசுரு போற பயம், அந்தப் பயத்தோடவே வாங்கின ஆளு. அதனால எத்தனை கிலோ கிடைச்சுதுங்குற கணக்கைவிட பயத்தோட கணக்குதான் இதுல ஜாஸ்தி இருக்கும், பொறுத்துக்கோங்க.

பயம் எப்போ ஆரம்பிச்சுதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாலாங்கிளாஸ். ஸ்கூல் தண்ணி டேங்குக்கு அடியில மலைத்தேனீ கூடு ஒண்ணு முறம் சைஸுக்கு தொங்கும், தினமும் பாத்துப் பழகுனதுதான், ஒருநாள் பருந்து ஒண்ணு வந்து அதைத் தட்டிட்டு. டீச்சர் ஒரு நிமிஷத்துல பிள்ளைங்க எல்லாத்தையும் உள்ள தள்ளி கதவை அடைச்சிட்டாங்க. நான் பைப்புல டம்ளர் கழுவிட்டு நின்னேன். கதவைத் தட்டுனேன், தொறக்கல, தொறந்திருந்தா உள்ள உள்ள நாப்பது பிள்ளைங்களும் வாங்கியிருக்கும், இப்போ யோசிச்சா அவங்க செஞ்சது சரிதான், ஆனா அப்போ அது புரியுமா. பதினொரு கொடுக்கு எடுத்தாங்கன்னு அம்மா சொல்லுவா. மூஞ்சி வீங்கி ரெண்டு நாள் கண்ணு தொறக்க முடியல.

அதுக்கப்புறம் ம்ம்ம்ம்னு எந்தச் சத்தம் கேட்டாலும் உடம்பு கல்லு மாதிரி ஆயிடும். கல்யாணம் ஆன புதுசுல ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடுற சத்தத்துக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கேன். ஜூஸ் கடைக்கு உள்ள போக மாட்டேன், கரும்பு ஜூஸ் வண்டி பக்கமே போக மாட்டேன், சக்கையைச் சுத்தி அதுங்க மொய்க்குறத பாத்தாலே வயித்தைப் பிசையும், வீட்டுக்காரர் கிளாஸை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர்கிட்ட கொண்டு வந்து தருவார், நான் ஹெல்மெட்டோட குடிப்பேன். சிரிக்காதீங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துல எல்லாரும் தலை நிறைய பிச்சிப்பூ வச்சிருப்பாங்க, நான் மட்டும் வைக்க மாட்டேன், மாமியார் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டு ஒரு வருஷம் பேசாம இருந்தாங்க, அது தனிக்கதை.

போன நவம்பர்ல ஒருநாள் காலையில பின்னாடி பழைய மீட்டர் பெட்டிக்குள்ள கூட்டம் வந்து உக்காந்துட்டு. மகன்தான் பாத்தான், "அம்மா மீட்டர் பாடுது"ன்னான். நான் பின்கதவை அடைச்சு இடுக்குல பழைய சேலையைத் திணிச்சுட்டு மூணு நாள் துணி காயப்போடவே போகல. பூச்சி மருந்து அடிக்குற ஒரு சர்வீஸுக்குப் போன் போட்டேன், 1,800 ரூபா, சாயங்காலம் வந்து அடிச்சுட்டுப் போயிடுவோம், அரை மணி நேரம்தான்னாங்க. புக் பண்ணியே முடிச்சிட்டேன். நாத்தனார்தான் போன்ல திட்டுனா, மருந்தடிச்சா பூச்சி சாகும், உள்ள உள்ள அடையும் தேனும் புழுவும் யாரு எடுப்பா, அழுகி நாறி எறும்பும் எலியும் வரும், மீட்டர் பெட்டிய நீ தொடுவியா உன் புருஷன் தொடுவானான்னு. நியாயமாத்தான் பட்டுச்சு. அவ குடுத்த நம்பர்தான் இந்தப் பெரியவர்.

வந்தார். ஒரு பைக், பின்னாடி காலிப் பெட்டி, கையில ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு கத்தி, ஒரு கட்டு வாழைநார். முகவலை கிடையாது, கையுறை கிடையாது, மடிச்சுக் கட்டுன லுங்கி. சாயங்காலம் ஆறு மணி இருக்கும், வெளியே போன தேனீ எல்லாம் திரும்பி வர்ற நேரமா பாத்துதான் வருவாராம். லைன்மேனை வச்சு கரண்டு கட் பண்ணதை ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டுதான் கை வச்சார், இது ஒரு நல்ல பாயிண்ட், எழுதி வச்சுக்கோங்க. நான் அடுக்களை ஜன்னல் கம்பி வழியா பாத்துட்டு இருந்தேன், கண்ணாடிய இழுத்து மூடிட்டுதான். தேங்காய்க் கதம்பை நாரைக் கொளுத்தி ரெண்டு ஊது ஊதினார், அப்புறம் வெறும் கையை உள்ள விட்டார்.

என்னால இன்னிக்கும் அந்தக் காட்சியை விவரிக்க முடியல, கை முழங்கை வரைக்கும் தேனீ, ஏதோ பழுப்பு கலர் ஸ்வெட்டர் போட்ட மாதிரி, அவரு பாட்டுக்கு மகன்கிட்ட எந்த ஸ்கூலுன்னு விசாரிச்சிட்டு இருக்கார். அடை ஒவ்வொண்ணா அறுத்து மரச்சட்டத்துல வச்சு வாழைநாரால கட்டுனார், குழந்தைக்கு அரைஞாண் கட்டுற மாதிரி ஒரு பதமா. நாலு அடை இருந்துச்சு. ராணியக் கண்டுபிடிச்சு முதல்ல பெட்டிக்குள்ள விட்டுட்டு வாசல்ல சின்னதா ஒரு கேட் மாட்டுனார், வேலைக்காரத் தேனீ போகலாம் வரலாம், ராணி உடம்பு பெருசு, அது வெளிய போக முடியாது. ராணி உள்ள இருந்தா மத்ததெல்லாம் தானா உள்ள வந்துடும். வந்துச்சு. வரிசையா நடந்து, ரேஷன் கடை க்யூ மாதிரி. அரை மணி நேரத்துல மீட்டர் பெட்டி காலி.

அப்புறம்தான் கேட்டார், "கொண்டு போகட்டா, இல்ல இஞ்சயே வைக்கட்டா?" நான் ஜன்னலுக்கு உள்ள இருந்து கொண்டு போங்க கொண்டு போங்கன்னு கத்துறேன், வெளிய வீட்டுக்காரரும் மகனும் கேக்காத மாதிரி ஸ்டாண்டு எங்க வைக்கலாம்னு இடம் பாக்குறாங்க. அன்னிக்கு ராத்திரி பெரிய சண்டை. கடைசியா ஒரு உடன்படிக்கை ஆச்சு, மூணு தடவை வந்து சொல்லித் தருவார்ல, மூணாவது தடவைக்கு அப்புறமும் எனக்கு வேண்டாம்னா அவரே திருப்பி எடுத்துக்கணும், பாதிக் காசு திரும்பத் தரணும். பெரியவர் ஒத்துக்கிட்டார். இந்த கண்டிஷனை நீங்களும் கேட்டு வாங்கிக்கோங்க, பயப்படுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், வெளிய போக ஒரு கதவு இருக்குன்னு தெரிஞ்சாதான் உள்ள போகத் தைரியம் வரும்.

இனி சாமான்களைப் பத்தி. பெட்டிக்கு நியூட்டன் பெட்டின்னு பேர். ஆப்பிள் நியூட்டன் இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னால தெற்க இருந்த ஒரு பாதிரியார், ஃபாதர் நியூட்டன், நம்ம நாட்டுத் தேனீயோட சைஸுக்குத் தக்கன சின்னதா டிசைன் பண்ணது. மார்த்தாண்டத்துல 1920கள்ல ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்துல ஸ்பென்சர் ஹாட்ச்னு ஒரு அமெரிக்கர் இருந்தார், அவர் காலத்துல தேனீ வளக்குறத ஊர்க்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்து பரவுனதுதான் இந்தத் தொழில். பெரியவரோட அப்பா அப்படிக் கத்துக்கிட்டவர்தானாம். கீழ அடிப்பலகை, அதுக்கு மேல குஞ்சு வளர்ற புழு அறை, அதுக்கு மேல தேன் அறை, மேல மூடி. அவ்வளவுதான் பெட்டி. தேன் அறையில உள்ளதை மட்டும்தான் நாம எடுக்கணும், புழு அறை அதுங்க வீடு, அதுல கை வைக்கக் கூடாது.

மரம் அயினின்னு சொல்லித்தான் தந்தார். மேல் ரெண்டு அறையும் அயினிதான், சந்தேகமே இல்ல, அடிப்பலகை மட்டும் ரப்பர் மரம். எப்படித் தெரியும்னா ஜூன் மழைக்கு அப்பளம் மாதிரி வளைஞ்சிட்டு. ரப்பர் மரத்துக்கு மழைத்தண்ணி ஆகாதுன்னு இந்த ஊர்ல பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வளைஞ்ச இடுக்கு வழியா மெழுகு அந்துப்பூச்சி உள்ள போயி ஒரு அடையில சிலந்தி வலை மாதிரி நூல் நூலா பின்னி வச்சிட்டு, அந்த அடையவே வெட்டிப் போட வேண்டியதாப் போச்சு. போன் பண்ணி சொன்னேன், மாத்தித் தாறேன்னார். அந்த "தாறேன்" பத்தி கடைசியில சொல்றேன்.

ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டு. நாலு காலுக்கும் கீழ தண்ணி ஊத்துற கிண்ணம் இருக்கு, எறும்பு ஏறாது. ஆனா தண்ணி வத்தாம பாத்துக்கணும்னு அவர் சொல்லல, ஏப்ரல் வெயில்ல ஒரு கிண்ணம் வத்தி ஒரே ராத்திரியில கட்டெறும்பு ஏறிடுச்சு. புகைப்பான் சுமார், துருத்தியோட ரெக்ஸின் நாலு மாசத்துல கிழிஞ்சிட்டு, சைக்கிள் டியூப் ஒட்டி ஓட்டுறேன்.

முகவலை. இதுக்கு என்ன சொல்ல. தொப்பியும் வலையும் சேர்ற இடத்துல தையல் விட்டிருந்துச்சு, ஒரு விரல் போற அளவுக்கு. வாங்கும்போதே விளக்கு வெளிச்சத்துல சுத்திச் சுத்திப் பாத்து வாங்குங்க, ஏன்னு பின்னாடி வரும்.

சரி, மூணு விசிட். இதுக்குத்தான் அந்த மூணு ஸ்டார்.

முதல் தடவை வந்தப்போ நான் பெட்டியப் பத்தி ஏதோ கிளாஸ் எடுப்பார்னு பாத்தா, ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் பின்கதவுப் படிக்கட்டுல போட்டு, "இரி மக்ளே"ன்னார். பெட்டி பதினஞ்சு அடி தள்ளி. "பேடிக்காண்டாம், ஒண்ணும் செய்யாண்டாம். அந்த வாசலப் பாத்துட்டே இரி. காலுல மஞ்சளா உருண்டை வச்சிட்டு எத்தனை வருதுன்னு எண்ணு." அவ்வளவுதான் முதல் பாடம். அவரு பக்கத்துல உக்காந்து வெத்தில போட்டுட்டு இருந்தார். நான் முதல் அஞ்சு நிமிஷம் எண்ணவே இல்ல, எந்திரிச்சு ஓட எத்தனை எட்டுன்னுதான் எண்ணிட்டு இருந்தேன். அப்புறம் ஒண்ணு வந்துச்சு, ரெண்டு காலுலயும் மஞ்ச உருண்டை, பூவோட மகரந்தம்தான், பாரம் தாங்காம பலகையில தொப்புனு விழுந்து நடந்து உள்ள போச்சு, சந்தையிலேந்து ரெண்டு பையும் தூக்கிட்டு வர்ற மாதிரி. பத்து நிமிஷத்துல பதினேழு எண்ணினேன். தினமும் பத்து நிமிஷம் இதைச் செய், ரெண்டு நாளைக்கு ஒருக்க சேரை ஒரு அடி முன்னாடி போடுன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இதை நான் பண்ணினேன். வேற வழியில்ல, காசு குடுத்தாச்சே. டிசம்பர் கடைசியில சேர் அஞ்சு அடியில இருந்துச்சு. அங்கேந்து பாத்தாதான் தெரியும் வாசல்ல என்ன நடக்குதுன்னு. காவல் நிக்குறது ரெண்டு மூணு, உள்ள போற ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துதான் விடும். இன்னும் ரெண்டு மூணு ஒரே இடத்துல நின்னு இறக்கைய மட்டும் அடிச்சிட்டே இருக்கும், பறக்காது, அது ஃபேன் போடுறதாம், உள்ள குஞ்சு இருக்குற இடம் 35 டிகிரி பக்கம் இருக்கணும். நம்ம நாட்டுத் தேனீ தலைய வெளிய காட்டிட்டு நின்னு காத்தை உள்ள தள்ளும், இத்தாலியன் தேனீ தலைய உள்ள வச்சு காத்தை வெளிய இழுக்கும்னு பெரியவர் சொன்னார். எனக்கு இது எதுக்குன்னு அப்போ தோணுச்சு, ஆனா பாருங்க, அதுக்கப்புறம் அந்த ம்ம்ம் சத்தத்துல பாதி ஃபேன் சத்தம்னு மனசுல பதிஞ்சிட்டு. என்னைக் கொல்ல வர்ற சத்தம்னு நெனச்சது, அதுங்க வீட்டுல ஃபேன் ஓடுற சத்தம்.

ரெண்டாவது விசிட் மூணு வாரம் லேட். அது கிடக்கட்டும். அன்னிக்குக் கூட்டம் கட்டுற சீசன், பெட்டி வாசல்ல கொஞ்சம் கறுப்பா, தடியா, கண்ணு பெருசா சிலது திரிஞ்சுது. அதுல ஒண்ண லபக்குனு பிடிச்சு, "கைய நீட்டு"ன்னார். நான் கைய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேன். மகன் நீட்டுனான், அவன் உள்ளங்கையில விட்டார், அது சும்மா உருண்டு பெரண்டு ஊர்ந்துச்சு. "இது ஆணாக்கும் மக்ளே. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. கொட்டணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது, திங்குறதும் சுத்துறதும்தான் வேலை"ன்னு சொல்லிட்டு வீட்டுக்காரரை ஒரு பார்வை பாத்தார். நான் சிரிச்சிட்டேன். சிரிச்ச நேரத்துல என் கையில விட்டுட்டார்.

முப்பது வருஷத்துக்கு அப்புறம் என் மேல ஒரு தேனீ. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். ஆறு கால், பொடிசா பிசுபிசுன்னு, கொஞ்சம் சூடா. உள்ளங்கையில அது அதிர்றது முழங்கை வரைக்கும் வந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தப்போ அது என் கல்யாண மோதிரத்துக்கு மேல உக்காந்து முன்னங்காலால மூஞ்சியத் துடைச்சிட்டு இருந்துச்சு, பூனை மாதிரி. உடம்பெல்லாம் ரோமம், இது எனக்குத் தெரியவே தெரியாது, தேனீக்கு ரோமம் உண்டுன்னு, இத்தனை வருஷமா பயந்த சாமானை ஒருக்கா கூட நேரா பாத்ததில்லங்குறதுதான் நெசம்.

மூணாவது விசிட் பெட்டி தொறக்குற நாள். வந்ததும் முதல் கேள்வி, "மட்டிப்பழம் தின்னியா?" ஆமா, காலையில தின்னேன், எங்க ஊர்ல மட்டி வாழைப்பழம் இல்லாம காலை உண்டா. "அப்பம் இன்னிக்கு நீ தூர நில்லு, வாயக் கொப்பளிச்சுட்டு வா." நான் ஏதோ சாஸ்திரம்னு நெனச்சேன், அப்புறம் படிச்சுப் பாத்தா உண்மை, ஒரு தேனீ கொட்டினதும் மத்ததுக்குச் சொல்ல ஒரு வாசனைய விடும், அதுல முக்கியமா உள்ள கெமிக்கல் வாழைப்பழ எசன்ஸுல உள்ள அதே சாமான். பெட்டி பக்கத்துல போயி பழவாசனை அடிச்சா சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். சென்ட், கறுப்புத் துணி, கம்பளி இதெல்லாமும் வேண்டாம்னார். கையுறை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டார், தடிக் கையுறை போட்டா விரலுக்கு உணர்ச்சி இருக்காது, சட்டத்தை எடுக்கும்போது ரெண்டை நசுக்கிடுவ, நசுக்குனா அந்த வாசனை வரும், அப்புறம்தான் கொட்டும்னு. இது சரியான்னு எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல, ஆரம்பத்துல மெல்லிசா ஒரு ரப்பர் கையுறையாவது இருந்தா மனசுக்குத் தைரியமா இருக்கும், பாத்திரம் கழுவுறது போதும்.

மூடியத் தொறந்ததும் முழுக் கூட்டமும் ஸ்ஸ்ஸ்னு ஒரே ஒரு சத்தம் விடும், குக்கர் ஆவி விடுற மாதிரி, அதுக்குத் தயாரா இருங்க, எனக்கு யாரும் சொல்லல, நான் நாலு எட்டு பின்னாடி ஓடி கிணத்துச் சுவர்ல மோதிட்டேன். இது நாட்டுத் தேனீயோட பழக்கம், மிரட்டிப் பாக்குறது. அடுத்த நிமிஷம் அதது வேலையப் பாக்கும். "பைய, பைய"ன்னு சொல்லிட்டே இருந்தார், சட்டத்தை நேரா மேல தூக்கு, ஆட்டாத, மூச்ச அது மேல விடாத. நான் தூக்குனேன். ஒரு சட்டம். ரெண்டு பக்கமும் தேனீ அப்பிக்கிட்டு, அரைக்கிலோ இருக்கும். வெயில்ல பிடிச்சா அடையில உள்ள சின்னச் சின்ன கண்ணறைக்குள்ள வெள்ளையா அரிசிமணி மாதிரி முட்டை தெரிஞ்சுது.

அப்போதான் அந்த முகவலைத் தையல். உள்ள ஒண்ணு வந்துட்டு. கண்ணுக்கு முன்னாடி, வலைக்கு உள்பக்கம். நான் சட்டத்தைக் கீழ போடல, இதை மட்டும் என் வாழ்க்கை வரலாறுல எழுதிக்கோங்க, போடல, பெரியவர் கையில குடுத்துட்டுதான் ஓடினேன். புருவத்துல கொட்டுச்சு. அவர் வந்து நகத்தால சர்ருனு வழிச்சு எடுத்தார், கொடுக்கு தோல்லயே தங்கிடும், விஷப்பையும் அதோட ஒட்டி இருக்கும், கொட்டுன தேனீ செத்தாலும் பை தானா பம்ப் அடிச்சிட்டே இருக்கும், அதனால எப்படி எடுக்குறோம்ங்குறதவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்குறோம்ங்குறதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வச்சேன். வலிச்சுது. மிளகாய்க் கையோட கண்ணத் தொட்ட மாதிரி ஒரு பத்து நிமிஷம், அப்புறம் மந்தமா. மறுநாள் ஒரு கண்ணு பாதி மூடி இருந்துச்சு, பால்காரர் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பாத்தார்.

விஷயம் என்னன்னா, அந்த வலி நான் முப்பது வருஷமா நெனச்சிட்டு இருந்த வலியில பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

ஆனா இங்கதான் என்னோட பெரிய குறை. முதல் நாளே அவர் கேட்டிருக்கணும், யாருக்காவது கொட்டுனா அலர்ஜி உண்டா, முன்னாடி கொட்டி மூச்சுத் திணறல், தலைசுத்தல் வந்துருக்கான்னு. கேக்கவே இல்ல. எனக்குச் சின்ன வயசுல வெறும் வீக்கம்தான், ஆனா சிலருக்கு ஒரே கொட்டுல உடம்பு பூரா தடிச்சு, நாக்கு, தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் இறங்கி உசுருக்கே ஆபத்தாயிடும், அப்படி ஏதாவது தெரிஞ்சா சுண்ணாம்பு தடவிட்டு உக்காரக் கூடாது, உடனே 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரி போகணும், அட்ரினலின் ஊசிதான் மருந்து. இந்தப் பேச்சே எடுக்காம ஒரு வீட்டுல பெட்டி வைக்குறது தப்பு. நான் பின்னாடி டாக்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்தேன், நீங்க பெட்டி வாங்குறதுக்கு முன்னாடியே போயிடுங்க.

இன்னொரு குறை, மழைக்காலத்துல பூ கம்மி, அப்போ சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆறவச்சு உள்ள வைக்கணும்னு அவர் சொல்லாம விட்டது. ஜூன்ல கூட்டம் மெலிஞ்சு போன பிறகு நானா போன் பண்ணிக் கேட்டுதான் தெரிஞ்சுது. அந்த போனும் பத்து தடவை அடிச்சா ஒருக்கா எடுப்பார். ஜனவரியிலேந்து ஏப்ரல் வரைக்கும் எடுக்கவே மாட்டார், அது அவங்களுக்குத் தேன் சீசன், பெட்டியத் தூக்கிட்டு ரப்பர் எஸ்டேட்டா போயிட்டு இருப்பாங்க.

தேனைப் பத்தி ஒரு பாரா எழுதலன்னா விட மாட்டீங்க. மார்ச்சுல ஒருக்கா, ஏப்ரல்ல ஒருக்கா, ரெண்டும் சேத்து மூணு கிலோ சொச்சம். வீட்டுல ஒரு பெட்டிக்கு அது போதும். எங்க பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன், பூவுலேந்து வர்றது இல்ல, ரப்பர் மரம் இலை உதுத்துத் தளிர் விடும்போது இலைக்காம்புல தேன் சுரக்கும், அதைத்தான் அதுங்க எடுக்குது. கொஞ்சம் தண்ணியா இருக்கும், கலர் கம்மி, கடைத் தேன் குடிச்சுப் பழகுனவங்களுக்கு இது தேனான்னு சந்தேகம் வரும். நாத்தனாருக்குப் பேரன் பொறந்துருக்கான், அவன் நாக்குல தொட்டு வைக்கக் கேட்டா, தரல, ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குத் தேனே குடுக்கக் கூடாது, சொந்த வீட்டுத் தேனா இருந்தாலும். அதுக்கு ஒரு சண்டை.

பயம் போச்சான்னு கேட்டா, மலைத்தேனீக்குப் போகல, போகவும் வேண்டாம். அது வேற ஜாதி, பெருசு, திறந்த வெளியில தொங்கும், கூட்டமா விரட்டும், அதைப் பெட்டியில எல்லாம் வளக்க முடியாது. உங்க அப்பார்ட்மென்ட் பால்கனியில அது கட்டியிருந்தா இந்த ரிவ்யூவை நம்பி கை வச்சிராதீங்க, தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. ராத்திரி ட்யூப்லைட்டுக்கு வந்து விழுறதும் அதுதான், இன்னிக்கும் செருப்புப் போடாம வராந்தாவுல இறங்க மாட்டேன். ஆனா பெட்டியில உள்ளது வேற. மே மாசம் ஒரு கடந்தல், பெரிய குளவி, வந்து வாசல்ல நின்னு ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போயிட்டு இருந்துச்சு, உள்ள உள்ளதெல்லாம் வெளிய வந்து உடம்பை ஒண்ணா ஆட்டி மிரட்டுது, அப்பவும் போகல. நான் மகனோட ஷட்டில் பேட்டை எடுத்துட்டுப் போயி, முகவலையும் இல்லாம நைட்டியோட, பெட்டிக்கு ஒரு அடி தள்ளி நின்னு ஓங்கி ஒரே அடி. அடிச்சு முடிச்சுதான் எங்க நிக்குறேன்னே தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல எட்டிப் பாத்து, "ஏ பிள்ளே, நீதானா அது?"ன்னாங்க.

யாருக்கு வாங்கலாம்னு சொல்லுவேன்னா, பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கணும், வாசலுக்கு நேரா நடைபாதை இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லணும். ரொம்ப பயம்னா முதல்ல கொசுத்தேனீ பெட்டி வாங்குங்க, அதால கொட்ட முடியாது, தேன் கொஞ்சமாத்தான் வரும் ஆனா விலை ஜாஸ்தி, நான் அதுலேந்து ஆரம்பிச்சிருந்தா கிணத்துச் சுவர்ல மோதியிருக்க மாட்டேன். கோயம்புத்தூர் பக்கம் உள்ளவங்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல ஒருநாள் பயிற்சி நடக்கும், கேட்டுப் பாருங்க. நோய் பத்தியும் விசாரிச்சு வாங்குங்க, 1991, 92ல ஒரு வைரஸ் வந்து இந்தப் பக்கம் பெட்டி பெட்டியா செத்துப் போச்சு, பெரியவர் வீட்டுல இருந்ததுல மிஞ்சுனது மூணோ நாலோ தானாம், அந்தக் கதையச் சொல்லும்போது மட்டும் வெத்திலயத் துப்பிட்டுச் சும்மா இருந்தார் கொஞ்ச நேரம்.

அந்தப் பாதிக்காசு கண்டிஷன் என்னாச்சுன்னு கேட்டீங்கன்னா, மூணாவது விசிட் முடிஞ்சு கண்ணு வீங்கி உக்காந்திருக்கேன், அவரே கேட்டார், "அப்பம் திருப்பி எடுத்துட்டுப் போகட்டா மக்ளே?" வீட்டுக்காரர் என்னப் பாத்தார். நான் ஐஸ் கட்டிய மாத்து மாத்துன்னு சொன்னேனே ஒழிய, பெட்டிய எடுங்கன்னு சொல்லல. அவ்வளவுதான், அவர் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டார்.

அடிப்பலகை மாத்தித் தரதா சொன்ன "நாளைக்கு வாறேன் மக்ளே" இன்னியோட பதினோராவது நாள். நான் செங்கல்லு வச்சு முட்டுக் குடுத்து, இடுக்குல மாட்டுச் சாணியும் மண்ணும் குழைச்சு அப்பி வச்சிருக்கேன், என் கையாலதான். பலகை வந்துச்சுன்னா மூணரைய நாலா மாத்துறேன்.